நீளும் ஜி, நிலைக்கும் எஃப்: ஆர்எஸ்வி வைரஸின் இரண்டு புரதங்கள்

[திரையில்: ஆர்எஸ்வி வைரஸ், மேற்பரப்பில் இரண்டு நிறத்தில் புரதங்கள்]

கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கி, நெஞ்சு உள்ளே இழுத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும் வைரஸ்களில் முக்கியமானது ஆர்எஸ்வி. இதன் மேற்பரப்பில் இரண்டு புரதங்களைக் கவனியுங்கள். ஜி, மூச்சுக்குழாய் செல்லில் ஒட்டிக்கொள்ள. எஃப், செல்லோடு இணைந்து உள்ளே நுழைய.

இது ஆர்என்ஏ வைரஸ். நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்த இதனிடம் வழி இல்லை, அதனால் மரபணு எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும், அதிலும் ஜி-யில்தான் மாற்றம் அதிகம்.

[திரையில்: ஜி மரபணு, ஒரு துண்டு இரண்டாகிறது]

1999-இல் பியூனஸ் அயர்ஸில் எடுத்த மாதிரிகளில், பி வகை வைரஸின் (ஆர்எஸ்வியில் ஏ, பி என்று இரண்டு வகை) ஜி மரபணுவில் 60 எழுத்துகள் அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தன, பரீட்சைத்தாளில் எழுதிய வரியையே மறுபடி எழுதிவிட்டது மாதிரி. புரதம் 20 அமினோ அமிலங்கள் நீண்டுவிட்டது. இப்படி ஒரு பிழை வந்தால் வைரஸ் படுத்துவிடும் என்றுதானே தோன்றும்? சில வருஷங்களில் உலகம் முழுக்கப் பி வகை என்றாலே இதன் வாரிசுகள்தான். அப்புறம் 2010-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஏ வகையிலும் அதே கதை, இந்த முறை 72 எழுத்துகள், அதுவும் பழைய ஏ வகைகளை ஓரங்கட்டிவிட்டது. தனித்தனியாக இரண்டு முறை நடந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கூடுதல் துண்டு உள்ள ஜி செல்லில் இன்னும் நன்றாக ஒட்டுவதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள்.

சரி, எஃப்? செல்லுக்குள் நுழையும் நொடியில் இது தன் வடிவத்தையே மாற்றியாக வேண்டும், அதனால் இதன் மரபணு எழுத்துகள் இஷ்டத்துக்கு மாற முடியாது. நுழைவதற்கு முந்தைய வடிவத்தை 2013-இல் அமெரிக்காவில் படம்பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் அங்கே அனுமதி பெற்ற தடுப்பூசிகள் அந்த வடிவத்தை வைத்துச் செய்தவைதான்.

[திரையில்: எஃப் புரதத்தில் இரண்டு புள்ளிகள்]

ஆனால் எஃப் மாறவே மாறாது என்று நினைத்துவிடாதீர்கள். சுப்டாவுமாப் என்ற எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்து, எஃப்-இன் ஓர் இடத்தைப் பிடிப்பதற்காக உருவாக்கியது, குழந்தைகளிடம் நடந்த கடைசிக்கட்டச் சோதனையில் 2017-இல் தோற்றுப்போனது. காரணம், அப்போது பரவிய பி வகையின் எஃப்-இல் 172, 173-ஆம் இடங்களில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருந்தன, அவ்வளவுதான்! இன்றைக்குக் குழந்தைகளுக்குப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்புரத மருந்து எஃப்-இல் வேறோர் இடத்தைப் பிடிக்கிறது. ரொம்ப காலமாக ஜி-யின் ஒரு துண்டை மட்டும் படித்தே வகை பிரித்து வந்தார்கள். இனி எஃப் மரபணுவையும் முழுசாகப் படித்தே ஆக வேண்டும், ஒவ்வொரு சீசனிலும்.