கொமடோர் 64 கீபோர்ட்ல சில கீ வேலை செய்யலையா? கழட்டுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

[திரையில்: பழைய கொமடோர் 64, மேலருந்து]

வணக்கம் உறவுகளே. நம்ம ஹட்டன், நுவரெலியா பக்கம் மழை காலத்துல அலமாரிக்குள்ள வச்ச சப்பாத்துக்கே பூஞ்சணம் புடிக்கும், அப்படி இருக்கிற ஈரத்துல 1982ல வெளிவந்த இந்த கொமடோர் 64 கம்பியூட்டர வருஷக்கணக்கா பெட்டியில போட்டு வச்சா சில எழுத்து விழாமப் போறதுல ஆச்சரியமே இல்ல. தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுறாதீங்க, அநேகமா சரியாக்கிடலாம்.

முதல்ல ஜாய்ஸ்டிக்க உருவிடுங்க, 1ஆம் ஜாய்ஸ்டிக் போர்ட்டும் கீபோர்டும் ஒரே வயரத்தான் பங்கு போட்டுக்குது. பொறகு எல்லா கீயையும் ஒண்ணொண்ணா அமுக்கி, விழாதத பேப்பர்ல எழுதுங்க. உள்ளுக்க 64 கீய 8க்கு 8ன்னு குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டுத்தான் இணைச்சிருக்காங்க, அதனால 3, டபிள்யூ, ஏ, 4, இசட், எஸ், ஈ, இடது பக்க ஷிஃப்ட் இது எட்டும் சேந்து செத்திருந்தா கீ மேல குத்தமில்ல, ஒரு கோடே அறுந்திருக்கு. கரண்ட நிப்பாட்டி, பொறகு சொல்ற மாதிரி மூடியத் தொறந்து, கீபோர்ட் வயர் வந்து சொருகுற கனெக்டரோட பின்னுகள தொடச்சு திரும்பச் சொருகிப் பாருங்க. அதுக்கும் மசியலன்னா கீபோர்ட்ட வாசிக்கிற, யூ1ன்னு போட்டிருக்கிற 6526 சிப்பத்தான் சந்தேகப்படணும்.

அங்கொண்ணும் இங்கொண்ணுமா செத்திருந்தா அழுக்குதான், சந்தோஷப்படுங்க.

[திரையில்: கீபோர்ட் பின்பக்கம், கிட்டத்துல]

அடியில முன்பக்கமா இருக்கிற 3 ஸ்குரூவ கழட்டி மூடிய மெதுவா தூக்குங்க, லைட்டுக்குப் போற சின்ன வயர் இருக்கு, இழுத்துறாதீங்க. கீபோர்ட்ட வெளிய எடுத்துத் திருப்பினா பொடி ஸ்குரூ நெறய இருக்கும், எல்லாத்தையும் ஒரு சோசர்ல போடுங்க. ஷிஃப்ட் லொக்குக்கு ரெண்டு வயர் ஈயத்துல பத்த வச்சிருக்கும், அத உருக்கி எடுத்தாத்தான் கீபோர்ட்டோட சர்க்கிட் தகடு கழண்டு வரும்.

இப்ப பாருங்க, தகட்டுல கருப்பு கருப்பா தெரியிறது கார்பன், கீயோட அடியில இருக்கிறது கரண்ட் கடத்துற ரப்பர், ரெண்டும் தொட்டாத்தான் எழுத்து விழும். இந்த ரெண்டுக்கும் நடுவுல படியிற மெல்லிசான அழுக்குதான் நம்ம எதிரி. ஐசோபுரோப்பைல் அல்ககோல கொட்டன் பட்ஸ்ல நனைச்சு லேசா தொடைங்க, பட்ஸ்ல கொஞ்சம் கருப்பு ஒட்டுனா பயப்பட வேணாம், ஆனா அழுத்தித் தேச்சா கார்பனே போயிரும், உப்புத்தாள் பக்கமே போகாதீங்க. ரப்பர் நுனிய வெள்ளைத்தாள்ல மெதுவா உரசினாலே போதும்.

நல்லா காஞ்ச பொறகு மாட்டுங்க, ஸ்குரூவ முறுக்கு முறுக்குன்னு முறுக்காதீங்க, பிளாஸ்டிக்ல மரை தேஞ்சிரும். மூடிய மூட முன்னாடி எல்லாத்தையும் ஒருக்கா அடிச்சுப் பாருங்க. இன்னும் ஒரு கீ முரண்டு புடிச்சா, அதோட ரப்பர் தண்ட அதிகம் தேவைப்படாத எஃப்7 கீயோட மாத்திப் போடுங்க, குறை எஃப்7க்கு போனா ரப்பர் தேஞ்சிருக்கு, அங்கேயே நின்னா தகட்ட இன்னொருக்கா தொடைக்கணும்.