செல்போனில் பானை கிடைக்கும், பானை செய்கிறவர் கிடைக்கமாட்டார்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் பேச எழுந்த இந்த நிமிடத்திலும் செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் எதிரணித் தம்பி அவர்களே, வெயில் தாழ்ந்தும் புழுக்கம் தாழாத இந்தக் கடலூர் மாலையில் விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் புத்திசாலிகளே, மற்றவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"கைவினைப் பொருளையும் நல்ல வடிவமைப்பையும் கண்டடைய ஏற்றது கைபேசியா, கால்நடையா?" என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் மாமியார், "கால்நடைன்னா மாட்டைப் பத்தியா பேசப் போற?" என்று கேட்டார். இல்லை அத்தை, நம் இரண்டு காலைப் பற்றித்தான். அது இருப்பதே நமக்கு மறந்துபோய் ரொம்ப நாள் ஆகிறது.

நடுவர் ஐயா, உங்கள் மேசையில் பிரிமணை மேல் இரண்டு சின்னப் பானைகள் இருக்கின்றன. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டிலும் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் நாலு பேர் பேசி முடித்தாகிவிட்டது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இப்போதைக்குத் தூக்கிப் பார்க்க வேண்டாம். அப்புறம் வருகிறேன்.

தம்பி என்ன சொன்னார்? படுத்த இடத்திலிருந்தே ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் முதல் வில்லியனூர் சுடுமண் வரை பார்க்கலாம் என்றார். விலையை ஒப்பிட்டு வாங்கலாம் என்றார். கடை வைக்க வழியில்லாத கைவினைஞருக்கு அந்தக் கண்ணாடித் திரைதான் கடைத்தெரு என்றார். மூன்றும் கைத்தட்டல் வாங்கின. மூன்றாவதுக்கு நானும்தான் தட்டினேன், அதை மறைக்கப் போவதில்லை.

முதலாவதை எடுத்துக்கொள்கிறேன். பார்க்கலாம், சரி. பார்த்தால் என்ன தெரியும்? இரண்டு வருடத்துக்கு முன்னால் மஞ்சக்குப்பத்தில் வேறு வாடகை வீட்டுக்குக் குடிபோனபோது, குளிர்பெட்டித் தண்ணீர் வேண்டாம் என்று நினைத்து, செல்போனில் ஒரு பானை வாங்கினேன். படத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. கழுத்தில் வெள்ளைக் கோலம், கீழே "கையால் வனைந்தது" என்று ஒரு வரி. நாலு அடுக்கு ஸ்பாஞ்சில் பொதிந்து வந்து இறங்கியது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து விடிந்ததும் குடித்துப் பார்த்தால், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீருக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, செம்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து வில்லியனூர் போனேன். அந்த ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2020இல் பத்மஸ்ரீ வாங்கிய முனுசாமி அவர்கள் அந்த ஊர் மண்ணில் கைவைத்தவர்தான். நான் போனது பேரும் விருதும் இல்லாத, வாசலில் பானை கவிழ்த்துக் காயவைத்திருந்த ஒரு பெரியவரிடம். பானையை வாங்கி நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். கவிழ்த்தார். விலாவில் மேலிருந்து கீழ்வரை முடி மாதிரி ஓடிய கோட்டை விரலால் தடவிக் காட்டினார். "ரெண்டு பாதியா அச்சுல ஊத்தி ஒட்டினது. உள்ளயும் வெளியயும் வார்னிஷ் அடிச்சிருக்கான். பானை இல்லம்மா இது, பானை மாதிரி" என்றார். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அதன் வழியே தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகும், துளையை வார்னிஷ் அடைத்துவிட்டால் தண்ணீர் எப்படிக் குளிரும் என்று, பள்ளிக்கூடத்தில் எனக்கு மண்டையில் ஏறாத பாடத்தை ஒரு பீடி அணைவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அப்புறம் தன் பானை ஒன்றைக் கையில் கொடுத்தார். உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். கழுத்துக்குக் கீழே வளையம் வளையமாக விரல் தடம் தட்டுப்படுகிறது. அடிப்பக்கம் வேறு மாதிரி, சின்னச் சின்னத் தட்டலாகப் படிந்திருக்கிறது. சக்கரத்தில் அடியை மூடமாட்டார்களாம். பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த உருண்டை அடி வருகிறது. இத்தனை வருடம் பானையில் தண்ணீர் குடித்த எனக்கு, பானையின் அடி சக்கரத்தில் பிறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி, இதை எந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்?

இன்னொரு குழப்பமும் அங்கேதான் தீர்ந்தது. வியர்க்காததெல்லாம் போலி என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1200 டிகிரிக்கு மேல் வெந்த பாண்டம் இறுகிக் கல்லாகிவிடும், அதில் காபி குடிக்கலாம், குழம்பு ஊற்றி வைக்கலாம், தண்ணீர் மட்டும் குளிராது, அது அதன் குணம் என்றார். புதுச்சேரியில் அந்த வேலைக்குப் பேர்பெற்ற இடம் ஒன்று உண்டு, 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. இரண்டு பேரும் அமெரிக்கர்கள், வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கு நாட்டில் தன் பேரில், தன் பாணியில் பாண்டம் செய்கிற எத்தனையோ பேர் அங்கே சேற்றில் கைவைத்துப் பழகியவர்கள். வில்லியனூர்ப் பானை ஒரு வேலைக்கு, அந்தக் கல்பாண்டம் வேறு வேலைக்கு. செல்போனில் தேடினால் இரண்டும் "மண் பாத்திரம்" என்ற ஒரே பெட்டிக்குள் விழும், கூடவே வார்னிஷ் அடித்ததும் விழும்.

இரண்டாவது, விலை ஒப்பீடு. ஐயா, "விலை குறைவிலிருந்து கூடுதல்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது பாருங்கள். அதை அமுக்கினால் முதலில் வருவது யார்? அச்சில் ஊற்றுகிறவர். கடைசியில், நாலாம் பக்கத்தில், யாரும் போய்ச் சேராத இடத்தில் நிற்பவர் யார்? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தட்டுகிறவர். நேரில் போனால் மட்டும் நாம் பேரம் பேசாமலா இருக்கிறோம் என்று கேட்பீர்கள். பேசுகிறோம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு ஆள் வெயிலில் குந்தி உட்கார்ந்து வேலை செய்வதை அரைமணி நேரம் பார்த்த பிறகு, இருபது ரூபாய் குறை என்று சொல்ல நாக்கு எழாது. எழுந்தால் அது நாக்கே இல்லை.

நடந்தே போனாலும் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி மறுப்புரையில் பிடித்துக்கொள்வார். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் ஒரு தடவை "கைவேலை" என்று சொல்லி ஒரு பை விற்றார்கள். அதில் கையால் செய்தது விலைச்சீட்டு மட்டும்தான். ஒயிட் டவுன் பக்கம் பிரெஞ்சுப் பேர் மாட்டிய ஒரு கடையில் குறிஞ்சிப்பாடிக் கைலித் துணியை மேசை விரிப்பாக்கி, எங்கள் தெருவில் நாலு கைலி எடுக்கிற காசுக்கு ஒன்று விற்றார்கள். நெசவாளி எந்த ஊர் என்று கேட்டால் விற்கிற பெண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே நான் நடக்கச் சொல்வது கடைக்கு இல்லை. செய்கிற இடத்துக்கு.

அப்படி ஒரு இடம் வேண்டுமா? புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறைக்குப் போங்கள். மரத்தை வெட்டாமல், பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கி, சல்லடையில் ஒவ்வொரு தாளாக எடுக்கிறார்கள். ஈரத் தாளின் ஓரம் கத்தி வைத்து வெட்டியது மாதிரி நேராக இருக்காது, நெய் தோசை ஓரம் மாதிரி நெளிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தபின், கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிற கடையில் "இது கைக்காகிதம் சார்" என்று யாரும் உங்கள் தலையில் எதையும் கட்ட முடியாது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நம் வண்டிப்பாளையம். கொலு பொம்மைக்குப் பேர்போன தெரு நம் ஊரிலேயே இருக்கிறது. நவராத்திரிக்கு மூன்று மாதம் முன்னால் ஒருநாள் அங்கே போய், ஒரு பட்டறையில், "அண்ணே, பலாப்பழம் விக்கிற அம்மா பொம்மை இருக்கா?" என்று கேட்டேன். பண்ருட்டிப் பக்கத்துக்காரி நான், எங்கள் வீட்டுக் கொலுவில் செட்டியார் கடை வைத்திருக்கிறார், ஒரு பலாப்பழம் இல்லையே என்று ரொம்ப நாள் குறை. அவர் இல்லை என்றார். அச்சு கிடையாது, ஒரு பொம்மைக்காக அச்சு போட்டால் கட்டாது என்றார். நான் கிளம்பவில்லை. அவர் சம்சாரம் டீ கொடுத்தார். பேச்சுவாக்கில் அண்ணன் ஒரு களிமண் உருண்டையைக் கையில் எடுத்து, "பழம் எப்படி வச்சிருப்பாங்க, முழுசாவா, அறுத்தா?" என்று கேட்டார். அறுத்துத்தான் வைப்பார்கள், சுளை தெரிய வேண்டும், பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணி இருக்கும், கையில் பால் ஒட்டாமல் இருக்க என்றேன். எண்ணெய்க் கிண்ணி என்றதும் அவர் முகம் மாறியது. சிரித்தார்.

பத்து நாள் கழித்துப் போனால் பலாப்பழக்காரி காய்ந்துகொண்டிருக்கிறாள். இன்னும் கண் திறக்கவில்லை. எல்லா வண்ணமும் முடிந்து கடைசியில்தான் கண். பட்டறைக்காரர் சம்சாரம் மயிரிழைத் தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கி, இரண்டு புள்ளி வைத்தார். அதுவரை மண்ணாக இருந்தது என்னைப் பார்த்தது. கிண்ணியும் இருந்தது, சுண்டைக்காய் அளவு.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் நெய்வேலியில் என் சின்ன அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போனால், நாலாம் படியில் என் பலாப்பழக்காரி! எண்ணெய்க் கிண்ணியோடு! அவர் அச்சு போட்டுவிட்டார், விற்கிறார். முதலில் எனக்கு ஒரு பொறாமை வந்தது, உண்மை. வீட்டுக்கு வருவதற்குள் அது பெருமையாகிவிட்டது. தம்பி, நீங்கள் செல்போனில் இருப்பதைத்தான் தேடலாம். இல்லாததை எப்படித் தேடுவீர்கள்? பட்டறை வாசலில் இல்லாததையும் கேட்கலாம், அது பிறக்கும். வடிவமைப்பு என்று பெரிய வார்த்தை சொல்கிறோமே, எனக்குத் தெரிந்து அது அந்த டீ டம்ளருக்கும் களிமண் உருண்டைக்கும் நடுவில்தான் நடந்தது.

வீட்டுக்கும் இதே கதைதான். புதுச்சேரியில் கோல்கொண்ட் என்று ஆசிரமத்து விடுதி ஒன்று இருக்கிறது. 1930களில் ஆண்டனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் வரைந்தது. பக்கத்தில் இருந்து கட்டட வேலையைக் கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா. அமெரிக்கர், படித்த கட்டடக்கலைஞர். வரைபடம் தபாலில் போனால் போதும் என்று இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வந்தார், தங்கினார், ஆசிரமவாசிகளோடு சேர்ந்து வேலை செய்தார், அறைகளுக்கான மரச்சாமான்களை அங்கேயே வடிவமைத்தார். பின்னால் உலகமே பேசும் மரவேலைக்காரர் ஆனார். தெருவில் நின்று பார்த்தாலே தெரியும், சுவருக்குப் பதில் படுக்கை வாட்டில் அடுக்கடுக்காகப் பலகைகள், காற்று வேண்டுமென்றால் திறக்கலாம், மழை வந்தால் மூடலாம். நம் புழுக்கத்தில் நின்று வியர்த்தவருக்குத்தான் அந்தப் பலகையின் அருமை தெரியும்.

அங்கிருந்து நடந்து வைசியாள் வீதிக்கு வாருங்கள். கீழே நம் திண்ணை, தூண் வைத்த தாழ்வாரம், மாடியில் பிரெஞ்சுக்காரன் சன்னல். அந்த வீதியைச் சீர்செய்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. படத்தில் எல்லாரும் சன்னலைத்தான் எடுக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்தால் பின்பக்கம் ஜில்லென்று இருக்குமே, அதைப் படம் எடுக்க முடியாதே!

மூன்றாவதுக்குக் கைதட்டினேன் என்றேன். கொரோனா சமயத்தில் கண்காட்சி இல்லை, திருவிழா இல்லை, வண்டி இல்லை. அப்போது செல்போனில் படம் போட்டு விற்றுத்தான் எத்தனையோ பேர் உலை வைத்தார்கள். அது இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. ஆனால் அதே படத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், சொந்தமாக யோசித்து, தென்னை ஓலை மடிப்பு மாதிரி ஒரு சுடுமண் விளக்கு செய்தாள். படம் போட்ட மூன்றாம் மாதம் அதே விளக்கு எங்கோ அச்சில் வார்க்கப்பட்டு, பாதி விலைக்கு, அவள் எடுத்த அதே படத்தோடு விற்பனைக்கு வந்தது. எங்கே புகார் சொல்வது என்றே தெரியாமல் விட்டுவிட்டாள். இப்போது புது விளக்குக்குப் படம் போடுவதில்லை. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பார் என்கிறாள். தம்பி, உங்கள் கடைத்தெருவில் அவள் இனிமேல் இல்லை. ஆட்டோ பிடித்துப் போனால் இருக்கிறாள்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, இப்போது அந்தப் பானைகளைத் தூக்கிப் பாருங்கள். ஒன்று செல்போனில் வந்தது, மற்றது வில்லியனூர். எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒன்றின் கீழே மட்டும் பிரிமணை நனைந்து, மேசை விரிப்பும் நனைந்திருக்கும். உங்கள் தீர்ப்புத் தாளும் அந்தப் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நனைந்திருந்தால் மன்னிக்கவும்.