காத்திருக்கக் கூடாத இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கணிப்பொறியில் ஒரு விசையை அழுத்துகிறீர்கள். திரையில் எழுத்து வருகிறது. விசைப்பலகையின் மொழியை, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் புரியவைக்க இடையில் ஒரு நிரல் வேலை செய்கிறது. அதுதான் டிரைவர். லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதக் கற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1991-இல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கர்னல் இது. இன்று அதன் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கற்க வருகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை எது?

தொடக்கம் எளிது. ஏற்றும்போது ஓட ஒரு ஃபங்ஷன், இறக்கும்போது ஓட இன்னொன்று, கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு நிரலான மாட்யூல் தயார். நான் எழுதிய ஒற்றை வரி கர்னலின் பதிவேட்டில் வந்து நின்ற இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்து, ராஸ்பெரி பை என்ற சிறு கணிப்பொறியில் ஒரு பொத்தானை இணைத்தேன். அழுத்தினால் இன்டரப்ட், அதாவது குறுக்கீட்டுச் சமிக்ஞை, எழும். செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, பிராசஸர் என் ஃபங்ஷனுக்குள் வரும். அங்கே எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. அவசரமானதை முடித்துவிட்டு, மற்றதைப் பிறகு செய்யச் சொல்லி ஒப்படைத்துவிட வேண்டும். நானோ ஒவ்வோர் அழுத்தத்தையும் குறித்துவைக்க அங்கேயே நினைவகம் கேட்டேன், அதுவும் 'ஜிஎஃப்பி கர்னல்' என்ற குறியோடு. நினைவகம் போதாவிட்டால் கிடைக்கும்வரை தூங்கலாம் என்று அதற்குப் பொருள். 'ஜிஎஃப்பி அட்டாமிக்' என்று கேட்டிருக்க வேண்டும். அது இருந்தால் தரும், இல்லையென்றால் உடனே கைவிரித்துவிடும்.

கொடுமை என்னவென்றால், என் டிரைவர் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. நினைவகம் தாராளமாக இருந்ததால் காத்திருக்க நேரவே இல்லை. பிழைகளைச் சோதிக்கும் விருப்பத்தேர்வு ஒன்றை இயக்கிக் கர்னலை மறுபடி கட்டியபோதுதான், தூங்கக்கூடிய ஃபங்ஷனைத் தகாத இடத்தில் அழைத்திருக்கிறாய் என்று முதல் அழுத்தத்திலேயே பதிவேடு சொன்னது, கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும். ஒரு சொல்லை மாற்றினேன்; சரியாயிற்று.

சாதாரண நிரலில் பிழை இருந்தால் அது மட்டும் நின்றுபோகும். கர்னலுக்குள் பிழை இருந்தால் கணிப்பொறியே உறைந்துவிடலாம், கோப்புகளும் கெடலாம். அதனால் க்யூஎமு போன்ற மெய்நிகர் கணிப்பொறியில் பழகுங்கள். விழுந்தால் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம். முதல் வரியை எழுதுவதற்கு முன்பே என் பிழையைப் பிடித்த 'டீபக் அட்டாமிக் ஸ்லீப்' என்ற அந்த விருப்பத்தேர்வை இயக்கி வையுங்கள். நினைவகப் பிழைகளைப் பிடிக்க 'கேசான்' இருக்கிறது, ஒரே தரவை இரு வேலைகள் ஒரே சமயத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளின் வரிசை பிசகினால் சொல்ல 'லாக்டெப்' இருக்கிறது. வேகம் குறையும், கற்கும் காலத்தில் அது பரவாயில்லை.

நன்றி, வணக்கம்.