மூன்று புள்ளிப் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். யூரோவிஷன் என்ற பாட்டுப் போட்டியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சி நிலையங்கள் சேர்ந்து 1956 முதல் நடத்திவரும் போட்டி இது. நாட்டுக்கு ஒரு பாட்டு. மற்ற நாடுகள்தான் புள்ளி போட வேண்டும், தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. அதிக முறை ஜெயித்தவை ஸ்வீடனும் அயர்லாந்தும். ஆனால் என்னைக் கேட்டால், உட்கார்ந்து கேட்க வேண்டிய கதை போர்ச்சுகலுடையது.

போர்ச்சுகல் முதன்முதலில் மேடை ஏறியது 1964இல், கோபன்ஹேகனில். அந்தோனியோ கல்வாரியோ பாடினார். கிடைத்தது பூஜ்யம். அதே இரவில் ஒருவர் பதாகையோடு மேடைக்கே வந்துவிட்டார். சர்வாதிகாரிகளான ஸ்பெயினின் பிராங்கோவையும் போர்ச்சுகலின் சலசாரையும் புறக்கணியுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அப்போது போர்ச்சுகலில் சர்வாதிகாரம். பத்திரிகை, நாடகம், பாட்டு எதுவானாலும் தணிக்கையாளரின் நீலப் பென்சிலுக்குத் தப்பித்துத்தான் வெளியே வர வேண்டும்.

அதற்குள்ளும் சிலர் வேலையைக் காட்டினார்கள். போட்டிக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்க அரசுத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் ஒரு விழா நடத்தும். அதற்கு எழுதியவர்களில் ஆரி தோஸ் சாந்தோஸ் என்ற கவிஞர் பொல்லாதவர். பிள்ளை பெறுவது ஆசையோடு செய்கிற காரியம் என்று 1969இல் ஒரு பெண்ணின் வாயிலிருந்து பாடவைத்தார். கத்தோலிக்கப் பழமைவாதிகள் கொதித்துப்போனார்கள். 1973இல் காளைச் சண்டையைப் பற்றி ஒரு பாட்டு. மேலோட்டமாகக் கேட்டால் மைதானம், காளை, கூட்டம், அவ்வளவுதான். உள்ளே இருந்தது ஆட்சியையும் அதை அண்டிப் பிழைத்தவர்களையும் பற்றிய நக்கல். தணிக்கையைத் தாண்டிப் போட்டிக்கே போய்விட்டது.

அப்புறம் 1974. ஏப்ரல் 6, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) என்ற பாட்டுக் குழு ஜெயித்து உலகப் புகழ் பெற்ற இரவு அது. போர்ச்சுகலுக்காக பவுலோ தி கார்வாலோ 'இ தெபோய்ஷ் தோ அதேயுஷ்' என்ற பாட்டைப் பாடினார். விடைபெற்ற பிறகு என்று அர்த்தம். அந்த ஆண்டு நாட்டுக்கு 10 நடுவர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. கார்வாலோவுக்கு விழுந்தது 3. ஐரோப்பா முழுவதிலும் அதுதான் சிறந்த பாட்டு என்று நினைத்த நடுவர்கள் மூன்றே பேர்! இன்னும் மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம்.

சரி, அதோடு முடிந்திருக்க வேண்டிய பாட்டு. ஆனால் ஊரில் சில ராணுவக் கேப்டன்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் என்று ஆப்பிரிக்காவில் 13 ஆண்டுகளாக நடந்த காலனிப் போர்களில் சலித்துப்போனவர்கள். ஆட்சியைக் கவிழ்ப்பதென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். அதற்கு ஒரு சைகை வேண்டும். வானொலியைத் தேர்ந்தெடுத்தார்கள். வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சைகைக்கான பாட்டு யாருக்கும் சந்தேகம் தரக் கூடாது. காதல் முறிந்த ஒருவன் புலம்பும் பாட்டு, அதுவும் போன வாரங்களில்தான் போட்டிக்குப் போய்த் தோற்று வந்தது என்றால் எந்த அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்? ஏப்ரல் 24 இரவு, லிஸ்பனின் ஒரு நிலையத்தில் அறிவிப்பாளர் ஜுவாவ் பவுலோ தினிஸ் பேசினார். மணி பதினொன்றுக்கு இன்னும் ஐந்து நிமிடம், இதோ பவுலோ தி கார்வாலோ, யூரோவிஷன் 74 பாடல். அவ்வளவுதான் அறிவிப்பு. ஆனால் அந்த நிலையம் லிஸ்பன் வட்டாரத்தைத் தாண்டி எட்டாது. அதனால் நள்ளிரவு 12.20க்கு ரேடியோ ரெனசென்சா நிலையத்தில் இரண்டாவது சைகை. அது பாடகர் ஸெக்கா அபோன்சோவின் 'கிராந்தோலா', நாடு முழுவதற்கும். படைகள் கிளம்பின. 25ஆம் தேதி மாலைக்குள் பிரதமர் கயத்தானோ சரணடைந்தார். 48 ஆண்டு சர்வாதிகாரம் போயிற்று. துப்பாக்கிக் குழாய்களில் மக்கள் கார்னேஷன் பூவைச் செருகிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய பாடகர் துவார்த்தே மெந்தேஸ். அந்தப் புரட்சியில் பங்கெடுத்த ராணுவக் கேப்டன்! பாட்டின் பெயர் விடியல். 16 புள்ளி, 16வது இடம். ஐரோப்பாவின் காது அப்போதும் திறக்கவில்லை.

அதற்கப்புறம் நீண்ட வறட்சி. 1996இல் ஆறாவது இடம், அடுத்த ஆண்டே மறுபடி பூஜ்யம். சில ஆண்டுகள் போகவே இல்லை.

2017இல் கீவ் நகருக்கு சால்வதோர் சோப்ரால் போனார். இதய நோயாளி. முதல் ஒத்திகைகளில் அவருக்குப் பதிலாகப் பாடியது, பாட்டை எழுதிய அக்கா லுயிசாதான். ஆட்டம் இல்லை, வாணவேடிக்கை இல்லை. கூட்டத்துக்கு நடுவே ஒரு சின்ன மேடையில் நின்று போர்த்துகீசிய மொழியிலேயே மெதுவாகப் பாடினார். 758 புள்ளி, முதலிடம். இசை என்பது வாணவேடிக்கை அல்ல, உணர்வு என்று வெற்றி மேடையில் சொன்னார். தோற்றவர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் 53 ஆண்டு காத்திருந்த நாடு, மன்னித்துவிடலாம். அந்த டிசம்பரில் அவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்து, மறுபடி பாட வந்தார்.

ஜெயித்த நாடுதான் அடுத்த போட்டியை நடத்துவது வழக்கம். 2018இல் லிஸ்பனில் நடத்தினார்கள். பந்தி வைத்த வீட்டுக்காரருக்கு இலை கடைசியில்தானே? இறுதிச் சுற்றில் 26 பாட்டு, போர்ச்சுகலுக்கு 26வது இடம். நன்றி, வணக்கம்.