செத்துப் பிழைத்த ஐபாடும் 2010களின் ஆல்பங்களும்

வணக்கம் மக்களே. கையில் என்ன இருக்கிறது, பாருங்கள். இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். ஆமாம், அதேதான். வீடு மாறிய வீடியோவில் அட்டைப்பெட்டிக்கு அடியில் கிடந்ததே, “காயலான் கடையில் போடு” என்று கமென்டில் வரிசையாக வந்து சொன்னீர்களே, அந்த ஐபாட் கிளாசிக். பாட்டை ஏற்றி வைத்துக் கேட்கிற ஆப்பிள் பெட்டி. 160 ஜிபி. ஆப்பிள் இதை விற்பதை 2014-லேயே நிறுத்திவிட்டது. என்னுடையது 2019 டிசம்பரில் மூச்சை விட்டது. நேற்று மத்தியானம் எழுந்து உட்கார்ந்துவிட்டது!

கதையைக் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனால், பாதிக் கடைக்கு மேல் ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாதீர்கள் என்று உங்களுக்கு வீடியோ போட்டவனே நான்தான். சரி, நேற்று மறுபடியும் போனேன். முதல் கடையில் பேட்டரி மாற்ற 2,400 ரூபாய். “அண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றால், “தம்பி, இது மியூசியத்தில் இருக்க வேண்டிய சாமான்” என்கிறார். அப்புறம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு அண்ணன். 1,100 என்றார். நான் 800 என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ஐபாடைப் பார்த்தார், 950 என்றார். முடித்துவிட்டேன். இருபது நிமிட வேலை. காதருகே வைத்தால் உள்ளே ஹார்ட் டிஸ்க் கிர்ரென்று சுற்றுகிறது. அந்தச் சத்தத்துக்கே 950 தகும். அவருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தது தனிக் கணக்கு.

இதில் இருப்பதெல்லாம் நானே பார்த்துப் பார்த்து ஏற்றியவை. ‘உங்களுக்கு இதுவும் பிடிக்கலாம்’ என்று எதுவும் குறுக்கே வராது. பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் ஷஃபிள் எனக்கு ஆகாது, தெரியும்தானே? ஷஃபிளில் ஆல்பம் கேட்பவர்கள் மோர் சாதத்தில் ஆரம்பித்துச் சாம்பாருக்கு வருகிறவர்கள்.

முதலில் போட்டது ‘நீதானே என் பொன்வசந்தம்’. 2012. எட்டுப் பாட்டு, எட்டும் இளையராஜா, நா. முத்துக்குமார். வந்தபோது ‘சற்று முன்பு’ பாட்டை நான் கிண்டல் செய்திருக்கிறேன். ரம்யா உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார், எனக்கு என்னமோ இரைச்சலாகப் பட்டது. வயது அப்படி. நேற்று ரயிலில் அதே பாட்டில் ஒரு ஸ்டேஷன் தாண்டி இறங்கினேன். முத்துக்குமார் போனது 2016-இல். இன்னும் எவ்வளவு எழுதியிருப்பார்.

அதே 2012-இல்தான் ‘அட்டகத்தி’. சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம், பா. ரஞ்சித்துக்கும் முதல் படம். கானா பாலா ‘ஆடி போனா ஆவணி’ என்று எடுத்ததும் நம் ஊர் ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டதுபோல இருக்கும். அடுத்து பிரதீப் குமார் ‘ஆசை ஓர் புல்வெளி’ என்று இழைப்பார். இரண்டும் ஒரே ஆல்பத்தில் இருக்கிறது, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை.

‘கடல்’ படத்தைப் பற்றிப் பேச மாட்டேன். ஆல்பத்தைப் பற்றி விடிய விடியப் பேசுவேன். ‘அடியே’தான் சித் ஸ்ரீராமுக்குத் தமிழில் முதல் பாட்டு. மீனவர் குப்பத்துக் காதலுக்கு அமெரிக்க தேவாலயப் பாட்டின் வாடை எப்படிப் பொருந்தியது என்று ரஹ்மானைத்தான் கேட்க வேண்டும்.

பெங்களூர் ‘அகம்’ குழுவின் ‘த இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’, அதுவும் 2012. என்ன வருடம் அது! சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவை ராக் ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் பெரியம்மா டிசம்பர் சீசனில் பாதி கச்சேரிக்கும் பாதி சபா கேன்டீனுக்கும் போகிறவர். போட்டுக் காட்டினேன். டிரம்ஸ் வரும்வரை தொடையில் தாளம் போட்டார். வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

அட, ஐபாடோடு கேபிள் வாங்கிய கதையைச் சொல்லவே இல்லை. இதற்கு அந்தக் காலத்து அகலமான 30 பின் கேபிள் வேண்டும். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் ஒரு பழைய டப்பாவிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். 150 ரூபாய். கேபிள் கதைக்கு அப்புறம் திரும்பி வருகிறேன்.

2015-இல் அமெரிக்க ராப் பாடகர் கெண்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’. அதில் சாக்ஸபோன் ஊதிய கமாஸி வாஷிங்டனைத் தேடிப் போய் மாட்டியதுதான் அதே வருடத்து ‘தி எபிக்’. மூன்று சிடி, கிட்டத்தட்ட மூன்று மணி நேர ஜாஸ். ஈசிஆரில் பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது சரியாக முடியும், வார நாளாக இருந்தால். அமெரிக்கப் பாடகர் சுஃப்ஜான் ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’ நேர் எதிர். அம்மா இறந்த பிறகு செய்த ஆல்பம். அவ்வளவு மெதுவாகப் பாடுகிறார், நம் வீட்டு மின்விசிறியை அணைக்காமல் கேட்க முடியாது. மே மாதத்தில் கேட்கவே முடியாது.

‘96’ எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ‘காதலே காதலே’ ஒரு வருடம் ஊர் முழுக்க ரிங்டோனாக ஒலித்ததில் எனக்குத் திகட்டிவிட்டது. கோவிந்த் வசந்தா மேல் தப்பில்லை.

கடைசியாக ஏற்றியது, அதாவது இது சாவதற்கு முன்னால், அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’. 2019. ‘கள்ள மௌனி’யை முதலில் கேட்டபோது பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போட்டேன். ராப் பிடிக்காது என்று சொல்லும் ஆட்களுக்கு நான் கொடுப்பது இதைத்தான். பாதிப் பேர் திருப்பித் தரவில்லை, அதாவது ஹெட்போனை.

சரி, அப்பா டி.எம்.எஸ். பாட்டு ஏற்றித் தரச் சொன்னார். கேமராவுக்கு முன்னாலேயே செய்துவிடலாம். லேப்டாப்பில் செருகுகிறேன்... சார்ஜ் ஏறுகிறது. ஆனால் லேப்டாப் ஐபாடையே காட்டவில்லை. கழற்றிச் செருகுகிறேன். இல்லை. இந்தக் கேபிளில் சார்ஜ் மட்டும்தான் போகுமா? 150 ரூபாய்! நாளைக்கு என்ன கிழமை? ஞாயிறு.