அளந்து போடுங்கள், ஐயாமாரே

(மதுரையில் பாப்திஸ்து சபைகளின் வருடாந்தர சங்கக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் போதகர் ஐயா அவர்களே, செயலாளர் அவர்களே, நம் அழைப்பை மதித்து அரசரடியிலிருந்து வந்திருக்கும் இறையியல் பேராசிரியர் அவர்களே, பெண்கள் ஐக்கிய அம்மாமார்களே, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து வந்திருக்கும் மூப்பர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பந்தல் போட்ட தம்பிமார்களையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் விட்டுப்போய், வருடம் முழுக்கப் பேச்சு வாங்கினேன். முன்வரிசையில் சி.எஸ்.ஐ. நண்பர் ஒருவரும் இருக்கிறார். 1947-இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்திய திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., ஆனபோது பாப்திஸ்துக்காரர்கள் நாம் சேரவில்லை. சாப்பாட்டுக்கு எப்போதும் சேர்ந்துகொள்வோம்.

மாறும் காலத்தில் சங்கத்தை நடத்துவது எப்படி என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: ஊரைவிட்டுப் போகும் வாலிபர், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, கணக்கு. வாலிபர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள். சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

நம் சங்கத் தலைவருக்குப் பேராயருடைய அதிகாரம் கிடையாது. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் அந்தந்தச் சபைதான். சங்கம் என்பது சபைகளின் பிரதிநிதிகள் கூடும் இடம். “செய்யுங்களேன்” என்று கேட்கலாம். “செய்” என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தலைவர் ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னால் ஜனங்கள் ஏன் கேட்க வேண்டும்? நம்பினால் கேட்பார்கள். அந்த நம்பிக்கை, என்னைக் கேட்டால், கணக்கு நோட்டில் இருக்கிறது. என் அப்பத்தா சொல்லும்: “ஆத்துல போட்டாலும் அளந்து போடு.”

நான் வாலிபனாக இருந்தபோது சோழவந்தான் பக்கம் வைகையில் ஞானஸ்நானம். ஒன்பது பேர். வேன் பிடித்து, புளியோதரை கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். போய்ப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களுக்கு அது தாராளம், முன்வரிசை நண்பர் மன்னிக்கவும். நமக்கு ஆள் முழுசாக முங்க வேண்டுமே! மணலைத் தோண்டினோம். தோண்டத் தோண்டச் சரிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தது: “ஏப்பா, இம்புட்டுப் பேரு வேன் புடிச்சு வந்தீகளே, ஆத்துல தண்ணி கெடக்கான்னு ஒருத்தரும் கேக்கலையா?”

ஆற்றில் போட்டாலும் அளக்கச் சொன்னார்கள். நாங்கள் ஆற்றையே அளக்காமல் போயிருந்தோம்.

கடைசியில் ஒரு விவசாயி தன் பம்புசெட் தொட்டியைக் காட்டினார். நம் மார்க்கத்தார் அல்ல. “முங்கத்தானே? முங்கிக்கங்க” என்று மோட்டாரைப் போட்டுவிட்டார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. எங்கள் பொருளாளர் ஒரு கிழவர், அதையும் நோட்டில் எழுதினார்: “தொட்டித் தண்ணீர், கொடுத்தது 10 ரூபாய். வாங்க மறுத்தார். திரும்ப வரவு 10 ரூபாய்.” அதோடு விட்டாரா? கிளம்பும் நேரத்தில் கணக்கில் 75 காசு உதைத்தது. வேனை நகர விடவில்லை. அரை மணி நேரம் விசாரணை. புளியோதரைப் பாத்திரத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் எனக்கே ஞாபகம் வந்தது: என்னிடம் கொடுத்திருந்த சில்லறையில் டிரைவருக்கு டீயும் வடையும் வாங்கியிருந்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் வாசித்தார்: “டிரைவர் வகையில் டீ, வடை, 75 காசு.” சபையே சிரித்தது. நான் தலை நிமிரவில்லை.

ஆனால் மறுவருடம், ஆலயத்து ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட வேண்டும் என்று அதே கிழவர் எழுந்து சொன்னபோது, மறுத்து ஒரு கைகூட உயரவில்லை.

இங்கிலாந்தின் பாப்திஸ்து போதகர்கள் வில்லியம் கேரியும் ஆண்ட்ரூ ஃபுல்லரும் நம்மைப்போல ஒரு வட்டாரச் சங்கத்துக்காரர்கள்தான். 1792 அக்டோபர் 2-ஆம் தேதி, கெட்டரிங்கில் ஒரு விதவையின் வீட்டில் கூடி, தூர தேசங்களுக்கு ஊழியரை அனுப்ப மிஷன் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது எத்தனை பெரிய மாற்றம்! ஆளுக்கு இவ்வளவு தருகிறேன் என்று எழுதிய சீட்டுகளை ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக் கூட்டிப் பார்த்தார்கள்: 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அந்த 6 பென்ஸைக் கவனியுங்கள், ஐயா! பதின்மூன்று சொச்சம் என்று எழுதவில்லை, அளந்து போட்டிருக்கிறார்கள். அப்போஸ்தலன் பவுலும், எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குச் சேர்த்த காணிக்கையைத் தனி ஆளாக ஏற்பாடு செய்யவில்லை. ஒருவரும் குறை சொல்லக் கூடாதென்று, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனைச் சேர்த்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 8, வீட்டில் போய் வாசியுங்கள்.

இப்போது காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு அட்டை வைக்கிறோம். நல்லதுதான், பெங்களூரில் இருக்கும் பிள்ளையும் அனுப்பலாம். (வாலிபர் விஷயம் இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு சபையில் நானே போனை நீட்டினேன். திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்டார் என்றும் சொல்லவில்லை, அவசரத்துக்கு ஒட்டியிருப்பார். ஆனால் வருடக்கணக்காகவா அவசரம்? ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்றால், போனில் போட்டால் அளக்க வேண்டாமா?

அதனால் மத்தியானம் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். போன் காணிக்கை சபை பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவை, வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்க வேண்டும். சபைகளுக்குக் கட்டளையிட நமக்கு அதிகாரமில்லை என்று சொன்னேனே. ஆகவே முதலில் சங்கமே தன் கணக்கை இன்றைக்கு இங்கே வாசிக்கட்டும்.

தலைவர் ஐயா மணியைத் தொட்டுப் பார்க்கிறார். அவருடைய தேர்தல் முறையைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனதில் அவருக்கும் வருத்தம் இருக்காது. நான் வந்த பஸ் டிக்கெட்டை மேசைமேல் வைக்கிறேன். காலையில் பந்தலுக்குப் பின்னால் இரண்டு டீ குடித்தேன். இரண்டாவது டீக்குக் காசு பொருளாளர் தம்பியிடம் கொடுத்தாயிற்று. எழுதிக்கொண்டாரா என்று சாப்பிடப் போகுமுன் நோட்டைப் பார்ப்பேன்.