டிக்கெட்டை எங்கே பார்ப்பது? யாங்கூன் பேருந்தும் வட்ட ரயிலும்

(காட்சி: யாங்கூன் நகர நடுவே காளியம்மன் கோயில் கோபுரம். அருகில் பேருந்து நிறுத்தம்.)

வணக்கம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் ரங்கூன்தான். இதோ ஒரு பேருந்து வருகிறது. ஏறுகிறவர்களின் கையைக் கவனியுங்கள். ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் நோட்டைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள்.

2017 ஜனவரி 16-ல் ஒய்பிஎஸ், அதாவது யாங்கூன் பேருந்து சேவையின் பேருந்துகள் வருவதற்கு முன் இப்படி இல்லை. படியில் தொங்கியபடி இடங்களின் பெயரைக் கத்துகிற சபேயா, அதாவது நடத்துநர், கூட்டத்துக்குள் நுழைந்து காசு வாங்குவார். வசூலை நம்பியே பிழைப்பு என்பதால், ஆள் பிடிக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தின. அது போனது நல்லதுதான்.

(காட்சி: காசுப் பெட்டி, மிக அருகில்.)

ஆனால் இந்தப் பெட்டி சில்லறை தராது. கட்டணம் மியான்மர் பணத்தில் 200 கியாட்டாக இருந்தபோது, 1000 கியாட் நோட்டு வைத்திருந்தவர் என்ன செய்தார் தெரியுமா? நோட்டைப் போட்டுவிட்டுப் பெட்டி அருகிலேயே நின்று, அடுத்து ஏறிய நாலு பேரின் காசைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பழக்கம் அது.

சரி, யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்ப்பது யார்? ஓட்டுநர். சாலையையும் கதவையும் பார்க்க வேண்டியவர் பெட்டியையும் பார்க்கிறார். இது கூடாது என்பேன். ஒய்பிஎஸ் பேருந்துகளில் இப்போது ஏறும்போது கருவியில் தட்டுகிற ஒய்பிஎஸ் கட்டண அட்டை இந்தச் சுமையைக் குறைக்கிறது. அட்டையில் பணம் இல்லையென்றால் படியிலேயே தெரிந்துவிடும். காசு போடலாம், இறங்கியும் விடலாம். பாதி வழியில், எல்லார் முன்னாலும் பிடிபட்டு நிற்கிற அவமானம் இல்லை.

(காட்சி: வட்ட ரயில்.)

ரயில் கதை வேறு. சுமார் 46 கிலோமீட்டர் வட்டம், 39 நிலையங்கள். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரி ஒன்றேகால் கிலோமீட்டர்கூட இல்லை. காய்கறிக் கூடைகளுக்கு நடுவே ஒரு ரயில் பெட்டியில் எல்லார் சீட்டையும் சோதித்து முடிப்பதற்குள் ஆட்கள் மாறிவிடுவார்கள். அதனால் ரயிலில் சீட்டைப் பார்க்க நடைமேடைதான் சரியான இடம்: சீட்டு விற்கிற கவுண்டருக்குப் பக்கத்தில், ஏறுவதற்கு முன்பே.

பேருந்துக்கும் அதையே கேட்கிறேன். நகர நடுவே உள்ள சூலே மாதிரி நெரிசலான நிறுத்தங்களில், காலையும் மாலையும், சில்லறை மாற்றித் தரவும் அட்டையில் பணம் ஏற்றவும் ஒருவர் கீழே நிற்கட்டும். அட்டை இல்லாத பாட்டிமார்களுக்காக அந்தப் பெட்டியும் அப்படியே இருக்கட்டும்.